வீழ்நேரத்தில் ஒரு முகூர்த்தம்

2064 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது முதல் பத்தரை வரை நீடாமங்கலத்துக்கு வீழ்நேரம் என்று விடிந்தபின்தான் அறிவித்தார்கள். செயலிழந்த துணைக்கோள் ஒன்று சிதறி விழவிருந்ததால், ஊரார் அனைவரும் நிலவறைக்குள் இருக்க வேண்டும். பூங்கோதையின் மகளுக்கு முகூர்த்தமும் அதே ஒன்றரை மணி நேரந்தான்.

நிலவறையில் ஓமத்தீ வளர்க்க அனுமதி இல்லை. பத்தரைக்கு மேல் ராகு காலம். உச்சிக்குப் பின் தாலி கட்டும் வழக்கம் இரு வீட்டாருக்கும் இல்லை. பட்டுப்புடவைகளின் நெரிசலில் பூங்கோதை உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள்.

"பந்தலுக்கே போவோம். நம் தலையில்தானா விழப்போகிறது?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன் சிதம்பரநாதன்.

"நீங்கள் முதலில் போய்ப் பாருங்கள் மாமா, பிறகு நாங்கள் வருகிறோம்" என்றாள் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

அவர் முகம் கறுத்தது. "அப்படியானால் கல்யாணத்தைத் தள்ளிவைப்போம். ராகு காலத்தில் என் மருமகன் தாலி கட்ட மாட்டான்."

அப்போது மேலே எங்கோ இடித்தது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது.

கைம்பெண் என்பதால் ஓரமாக அமர்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய் திலகவதி, தோளில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"போன தை மாதம் உன் அத்தான் நல்ல நேரம் பார்த்துத்தானே தம்பி வயலுக்குப் போனார்? வானத்திலிருந்து விழுந்த இரும்பு அதைப் பார்த்ததா?"

சிதம்பரநாதன் தலைகுனிந்தார்.

சங்கு ஊதிக் கதவு திறந்ததும் அனைவரும் பந்தலுக்குத் திரும்பினர். பத்தே முக்காலுக்கு, ராகு காலத்தில், இரு வீட்டாரும் ஒப்பியபடி தாலி கட்டப்பட்டது.