மூன்றாவது பெட்டி

சிலி நாட்டின் கொன்செப்சியோன் நகரில் கட்டடங்களின் நிலநடுக்க வலுவைக் கணக்கிடும் அலுவலகம் அது. புதுக் கம்ப்யூட்டர் வாங்குமுன், தங்கள் எட்டு மாடிக் கட்டடத்தையே பழைய நடுக்கப் பதிவு ஒன்றைக் கொண்டு திரையில் ஆட்டிப் பார்ப்பார்கள். கடையிலிருந்து சோதனைக்கு வந்த மூன்று கம்ப்யூட்டர்களில் இரண்டு பெரிய பெட்டிகள் இன்னும் திணறிக்கொண்டிருந்தன. மூன்றாவது சின்னப் பெட்டி ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டது.

"இதையே வாங்கிரலாம் யாஸ்னா," என்றான் எலியோதோரோ.

"நாம குடுத்தது பழைய பதிவுப்பா. இதுல நடுக்கம் தொடங்குற நேரம் இன்னைக்குத் தேதி, பதினொன்னு இருபதுன்னு வருது."

"கடைக்காரன் கடிகாரத்தைச் சரியா வைக்கலை. அதுக்குப் போய் மூஞ்சி வெளுக்குறியே."

பதினொன்று இருபதுக்கு விளக்கு ஆடியது. சின்ன நடுக்கங்களுக்கு அசையாத ஊர் வழக்கப்படி யாரும் எழவில்லை; தானாக நின்றுவிடும் என்று உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பெட்டி முன்பே வரைந்து முடித்திருந்த நடுக்கக் கோட்டை யாஸ்னா திரையில் பார்த்தாள். முதல் பத்து விநாடி கோடு மெல்லத்தான் நெளிந்திருந்தது. அதற்குப்பின் திரை கொள்ளாமல் எகிறி, மூன்று நிமிடம் ஓடியிருந்தது.