சீல் உடைக்காத க்ரீம்

ஒத்தக்கடை வீட்டின் முன்கூடத்தில் ஃப்ரீசர் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தில் கடைசியாகப் பூசிவிட, தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த க்ரீமின் சீலைத் தாமரைச்செல்வி இப்போதுதான் உடைக்கிறாள். "இம்புட்டு விலையா? உன் கல்யாணத்தன்னைக்குப் பூசிக்கிறேன்டி" என்று அம்மா பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்திருந்தது. விரலில் எடுத்துக் கன்னத்தில் தேய்க்கிறாள். குளிர்ந்த தோலில் அது இறங்க மாட்டேனென்கிறது. வெள்ளையாய்த் திட்டுத்திட்டாக நிற்கிறது. தேய்க்கத் தேய்க்க, முகம் யாரோ ஒருத்தியுடையதாகிறது. "விடு தாயி" என்று அப்பா ஈரத்துண்டால் துடைக்கிறார். கண்ணாடிக்குக் கீழே இருக்கும், அம்மா தினமும் பூசும் பத்து ரூபாய்ப் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, நெற்றியிலிருந்து தாடை வரை மெல்ல ஒற்றுகிறார். பவுடர் படிகிறது. காதோரம் மட்டும் கொஞ்சம் அப்பிக்கொள்கிறது; அம்மாவே பூசினாலும் அப்படித்தான் இருக்கும். "இப்பத்தான் இவ என் பாண்டீஸ்வரி" என்கிறார். வாசலில் சங்கு ஊதுகிறார்கள். விரலில் ஒட்டியிருக்கும் மிச்ச க்ரீமைத் தாமரைச்செல்வி தன் புறங்கையில் தேய்க்கிறாள். தடவிய இடமே தெரியாமல், அது உடனே உள்ளே போய்விடுகிறது.