பலகை வானம்

நிலவறை மேசையில் பொம்மை ரயிலுக்கு ஓர் ஊரைக் கட்டத் தொடங்கிய சிவநேசன், ரயில்கள் காத்து நிற்கும் மறைவிடத்தைத்தான் முதலில் திட்டமிட்டார். வானம் தீட்டிய பலகை ஒன்றை நிறுத்தி, அதன் பின்னால் தண்டவாளங்களைப் பதித்தார். பலகைக்குப் பின்னால் போன ரயில் வேறு ஊருக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும். இந்த விளையாட்டின் ஒழுங்கு அது. வாங்கிய ஒவ்வொரு ரயிலுக்கும் நிற்க இன்னொரு தண்டவாளம் வேண்டியிருந்தது. பலகை முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது.

பிளாட்பாரத்தில் நிறுத்துவதற்கென்று விரல்நுனி உயரப் பெண் பொம்மை ஒன்றுக்குத் தன் ஊதாச் சேலையின் நிறத்தைப் பூசி எடுத்துக்கொண்டு மனைவி தவமலர் இறங்கி வந்தபோது, வானம் மேசையின் முன்விளிம்பில் நின்றது.

"ஸ்டேசன் எங்கயப்பா?"

"இடம் காணாது. ரயிலெல்லாம் நிக்கவேணுமே."

"அப்ப இவ?"

"எங்கயாவது வையும்."

அவள் பலகைக்கு மேலால் கையை விட்டு, இருட்டில் இரண்டு ரயில்களுக்கு நடுவே பொம்மையை வைத்தாள்.

"அங்க நிண்டு ஏறேலாது" என்றார்.

"ஓம். வேற ஊருக்குப் போயிட்டா எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

அவள் படியேறிப் போனாள். கை பட்டுச் சாய்ந்திருந்த வானத்தை அவர் நிமிர்த்தி வைத்தார்.