பெருக்கல் குறி

"இடிக்க வேண்டியதுக்குப் பெருக்கல் குறி, விட்டுவைக்கிறதுக்கு டிக்" என்று சாக்பீஸை நீட்டினார் மேஸ்திரி. "எல்லாத்தையும் ஒரேயடியா இடிச்சா எங்க குடியிருப்பீங்க? முதல்ல சமையலறைச் சுவர். அது முடியட்டும், அப்புறம் மத்தது."

வீட்டுக்காரர் சமையலறைச் சுவரில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். காலையில் அது அழிந்து, அங்கே டிக் இருந்தது.

"மனசு வரலைன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"நானா? அதை இடிங்க இடிங்கன்னு உங்களை நச்சரிச்சதே நான்தானே!"

மறுபடி போட்டார். மறுநாள் கூடம், படுக்கையறை, மாடிப்படி என்று வீடு முழுக்க டிக்.

வேலையைத் தொடங்க வந்த மேஸ்திரி சிரித்தார். "அம்மா ஒரு செங்கல்லைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாங்க போல."

"இவளோட மல்லுக்கட்ட என்னால முடியாது. நீங்க இடிங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார் வீட்டுக்காரர். சமாதானம் சொல்லிக்கொண்டே மனைவியும் பின்னால் போனாள்.

மேஸ்திரி கையிலிருந்த சுத்தியல் நழுவியது.

"சார்... அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே வெளியே வந்துடுங்க!"

"ஏன், என்ன ஆச்சு?"

சலவைச் சட்டையின் முதுகில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. அவள் முதுகிலும்.