பதின்மூன்றாவது விண்ணப்பம்

"குப்பை!" என்று சொல்லி, ஒன்பதாவது விண்ணப்பத்தையும் மேஜைக்கு அடியில் தள்ளினான் சேர்மன்.

வயது இருபத்தொன்று, கல்லூரியில் கடைசி வருஷம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களைக் கைதூக்கிவிடும் மாணவர் மன்றத்துக்குத் தலைவன் என்பதால் கூடப் படிக்கிறவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. அவன் அதைப் பதவியாகவே எடுத்துக்கொண்டுவிட்டான்.

மன்றத்துக்கு லாப நோக்கம் கிடையாது, யாரிடமும் பங்கு கேட்காது. தேர்வாகிற ஸ்டார்ட்அப்புக்கு மூன்று மாதம் உட்கார இடம், ஆலோசனை, நாலு பெரிய மனிதர்களின் அறிமுகம் எல்லாம் இலவசம்.

அந்த இடத்துக்குத்தான் இன்று ஆபத்து. மாடி முழுவதையும் வாடகையில்லாமல் விட்டிருந்த அறக்கட்டளைத் தலைவி, அடுத்த வருஷமும் விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நேரிலேயே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, கையில் பென்சில். மாடி போனால் மன்றம் போச்சு. மன்றம் போனால் சேர்மனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

வந்ததும் வராததுமாக அந்தம்மா ஒரு பழுப்பு உறையை வேறு நீட்டியிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சவங்களோடது. இதையும் சேர்த்துக்கங்க தம்பி. மத்ததை எப்படிப் பார்க்கறீங்களோ, அப்படியே பாருங்க."

சிபாரிசு என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு பொறி தட்டியது. இது சிபாரிசு இல்லை, பரீட்சை. தெரிந்தவர்கள் என்றதும் வளைந்து கொடுக்கிறானா என்று கிழவி ஆழம் பார்க்கிறாள். சேர்மன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"எங்க முறையே தனி மேடம். பேரு, ஊரு, என்ன தொழில்னு எதையும் முதல் சுத்துல பார்க்க மாட்டோம். ஐடியா எந்தக் கழுதைக்கும் வரும். யார் செய்யறாங்க, யாருக்குப் பிரயோஜனம், வருமானம் எங்கேருந்து? மூணே கேள்வி. நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சது."

"நல்ல முறைதான்" என்று அந்தம்மா எதையோ குறித்துக்கொண்டார். சேர்மனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றும் கால் மணி நேரத்தில் மேஜைக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. ஒருவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஒருத்தி பார்க்கிற வேலையை இன்னும் விடவில்லை, மூன்றாவது ஆளுக்குக் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

செயலாளர் பெண் பழுப்பு உறையைப் பிரித்தாள். இரண்டாம் வருஷம் படிக்கிறவள். விண்ணப்பத்தை முழுதாகப் பார்க்க அவளுக்கு மட்டும்தான் அனுமதி. மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தவள் முகம் வெளிறிப்போயிற்று.

"அண்ணா, இதை அப்புறமாப் பார்த்துக்கலாமே."

"ஏன், பெரிய இடத்து விஷயம்னு பயமா? படி!"

அவள் படித்தாள். "நாங்கள் எட்டு பேர். யாருக்கும் சம்பளம் இல்லை. யாரும் இதற்கு முன் தொழில் நடத்தியதில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் தங்குவதும் இல்லை."

"சம்பளமும் இல்லை, அனுபவமும் இல்லை, தங்கறதும் இல்லை. இது டீமா, பஸ் ஸ்டாண்டா?"

பக்கத்தில் இருந்த உறுப்பினர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேர்மன் சிரித்தால் சிரிப்பதுதான் அவர்கள் வேலை.

"ஐந்து வருஷத்தில் நாற்பத்தொரு பேர் எங்களிடம் வந்தார்கள். இன்று நன்றாக இருப்பது மூன்று பேர். அதுவும் எங்களால்தானா என்று கேட்டுப் பார்த்ததில்லை."

"எப்படிக் கேட்பாங்க? கேட்டா குட்டு வெளிப்பட்டுடும்ல?"

"வருமானம் கிடையாது. ஒருவர் தயவில் ஓடுகிறது." அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள். "அண்ணா, ப்ளீஸ், போதும்."

சேர்மன் எழுந்தே நின்றுவிட்டான். நேர்மையைக் காட்ட இப்படி ஒரு சந்தர்ப்பம் தினமுமா வரும்?

"பத்துக்குப் பூஜ்யம்! இது தொழிலே இல்லை மேடம். ஊரான் தயவுல உட்கார்ந்துக்கிட்டு பெரிய மனுஷன் விளையாட்டு விளையாடறாங்க. இவங்களையும் ஒருத்தர் தாங்கறார் பாருங்க, அவரைத்தான் சொல்லணும். சரியான இளிச்சவாய்!"

மூலையில் பென்சில் நின்றது. "எனக்குத் தெரிஞ்சவங்கன்னு தெரிஞ்சும் சொல்றீங்களா, தம்பி?"

"யாரா இருந்தா எனக்கென்ன? முகத்துக்கு நேராவே சொல்லுவேன். கடையை இழுத்து மூடிட்டு வேற வேலை பார்க்கச் சொல்லுங்க."

"இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?"

எழுதினான். கையெழுத்துப் போட்டு, அதற்கு அடியில் இரண்டு கோடும் இழுத்தான். இத்தனை நேர்மையான பையனுக்குக் கீழ்த்தளத்தையும் சேர்த்துக் கொடுத்தாலும் கொடுப்பாள் என்று தோன்றியது. செயலாளர் பெண் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. பயந்தாங்கொள்ளி, அடுத்த மாதமே இவளை மாற்றிவிட வேண்டும்.

அந்தம்மா காகிதத்தை நிதானமாக மடித்துக் கைப்பையில் வைத்தார். எழுந்து வந்து, மாடிச் சாவியைக் கொடுக்கும்படி கையை நீட்டினார். "சாவி எதுக்கு மேடம்?" என்றான் சேர்மன்.

"அந்த விண்ணப்பத்தை உங்க ஆண்டறிக்கையைப் பார்த்து நான்தான் எழுதினேன். அது உங்க மன்றம், தம்பி."