வெறும் கூடு

வடக்கு டக்கோட்டாக் குளிரில் பிக்கப் வண்டியின் எஞ்சின் இறுகிவிடாமலிருக்க, அதைச் சூடாக்கும் ஒயரைச் சாயங்காலமே கரண்டில் செருகிவிட வேண்டும். கணவன் வெர்லின் இறந்தபின்பும் ஆர்டிஸ் அதை நிறுத்தவில்லை.

“ஏழரை லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினைத்தான் நான் கழட்டிட்டுப் போயிட்டேனே. வெறும் கூட்டைச் சூடு பண்ணிக் குஞ்சு பொரிக்கப் போறியா, ஆர்டிஸ்?” என்றார் பக்கத்துப் பண்ணை லாயல்.

“கை பழகிப்போச்சு.”

மறுநாள் காலை முற்றமெல்லாம் முழங்காலளவு பனி. வண்டியின் பானெட்டில் மட்டும் பனியில்லை. தொட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது. தூக்கிப் பார்த்தாள், எஞ்சின் இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

பானெட்டை மெதுவாக மூடினாள். வெர்லின் ஓட்டும் பக்கத்தை விட்டுவிட்டு, பழையபடி அடுத்த பக்கம் ஏறி உட்கார்ந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள்.

முன்கண்ணாடியில், ஸ்டியரிங்குக்கு நேராக, ஆவி படிந்து படிந்து மறைந்தது.