பித்தாயியின் முகம்

“எவன்டா அந்தப் படம் வரையறவன்? இன்னைக்கு அவன் கையை முறிக்காம நான் போகமாட்டேன்!”

பனியன் கம்பெனி முதலாளி சாமியப்பன் செருப்புக் காலோடு குமாரவேலின் வீட்டுக்குள் நுழைந்தார். கையில் பிரம்பு. பின்னால் இரண்டு முரட்டு ஆட்கள்.

1973ஆம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை அது. கூடத்தில் பத்துப் பேர் காமிக்ஸ் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ‘பித்தாயி’ கதைகள். விரிந்த தலைமுடி, நெற்றியில் தழும்பு, காதைத் துளைக்கும் சிரிப்பு. அவள் சிரித்தால் கேட்டவனுக்குப் புத்தி பேதலித்துவிடும். திருப்பூரே அவள்மேல் பைத்தியமாகக் கிடந்தது. முதல் இதழ் வைத்திருப்பவருக்குக் காதர்பேட்டையில் தனி மரியாதை.

எல்லா இதழ்களையும் சேர்த்து வைத்திருந்தது சாயப்பட்டறை மேஸ்திரி குமாரவேல் மட்டும்தான். அவர் வருந்தி அழைத்ததால் பித்தாயியை வரையும் ஓவியர் நிழலன் இன்று முதல் முறையாக ரசிகர்களைப் பார்க்க வருகிறார்.

“உக்காருங்க மொதலாளி. என்னாச்சுங்க?” என்றார் குமாரவேல்.

“என்னாச்சா? இந்த மூஞ்சியப் பாரு! இது எந் தங்கச்சி மருதாளோட மூஞ்சி. அந்தத் தழும்பு, அந்தக் கோணப் பல்லு, எல்லாம் அவளேதான். புத்தி கெட்டுப்போயி நொய்யல் வெள்ளத்துல விழுந்து செத்தவளை வெச்சு எவனோ கூத்தடிக்கறான். அதை வாங்கி வாங்கி நீங்க சிரிக்கறீங்க!”

ஒருவர் தன் மடியிலிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“எங்களுக்குத் தெரியாதுங்க மொதலாளி...”

“எம் புள்ளைக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இதைக் கொண்டாந்து காட்டி, ‘உங்க வம்சத்துல கிறுக்கு உண்டுங்களா’ன்னு கேக்கறாங்க. செத்தும் அவளை நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா? கூடப் பொறந்தவன், எனக்கு வயிறு எரியுமா எரியாதா?”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. குமாரவேலுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஆத்திரம் பொங்கியது. ஆசை ஆசையாய்ச் சேர்த்த புத்தகக் கட்டை அலமாரியிலிருந்து இறக்கி, முதலாளியின் காலடியில் போட்டார்.

“கொளுத்திப் போடுங்க. ஒரு பொம்பளையோட நோவை வெச்சுப் பொழைக்கறவன் மனுசனே இல்லீங்க. வரட்டும், நானே கேக்கறேன்!”

“சட்டையைப் புடிச்சுக் கேக்கோணும்!” என்று மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. எல்லோரும் வெளியே பாய்ந்தார்கள். பிரம்பை ஓங்கியபடி முன்னால் போனார் சாமியப்பன்.

வெயிலுக்கு முக்காடு போட்ட ஒரு பெண் துணிப்பையோடு இறங்கினாள். வண்டியில் வேறு யாருமில்லை.

“நிழலன் எங்கே?” என்று உறுமினார் குமாரவேல்.

“நான்தானுங்க.”

அவள் முக்காட்டை விலக்கினாள். நெற்றியில் தழும்பு. சாமியப்பனின் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

“சொத்துல பங்கு கேட்டதுக்குக் கிறுக்கின்னு பட்டம் கட்டி, பஞ்சு குடோன்ல போட்டுப் பூட்டி, தப்பிச்சதும் வெள்ளத்துல செத்துட்டேன்னு ஊரை நம்ப வெச்சீங்களேண்ணா,” என்றாள் மருதாள். “கூரை ஓட்டைப் பிரிச்சுத் தப்பிக்கிற வரைக்கும் உள்ளேயிருந்து கத்துனேன். அப்பக் கேக்காத காதுக்கு, படமாப் போட்டதும் கேட்டிருச்சுங்களா?”